பின்னறைக்குப் போகாத களிம்பு

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா, டெல்வின்?" சிரங்குக் களிம்பை எடுத்து வைத்துக்கொண்டே நர்ஸ் கெரின் கேட்டாள்.

"யாருமில்ல சிஸ்டர்."

பொய்தான். திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பின்னறையில் டெல்வினின் அண்ணன் இருந்தான். உடம்பெல்லாம் சிரங்கு பொருக்குத் தட்டி, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்துப் பூர்வகுடியில் பிறந்தவள் அண்ணன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அவன் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். அரசாங்கம் வீடு கட்டித் தருகிற லட்சணத்தில் இருவருக்கும் ஒரே கூரை, வாசல் மட்டும் வேறு. அண்ணி இருந்திருந்தால் நர்ஸிடம் சொல்லியிருப்பாள். அவள் டயாலிசிஸுக்காக டார்வின் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

டெல்வின் தன்னால் ஆனதில் குறை வைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தலை முதல் கால் வரை களிம்பு தடவினாள். போர்வைகளைக் கொதிக்க வைத்து, மெத்தைகளை வெயிலில் போட்டாள். அவள் மகள் லரீசாவோ, சாயங்காலமானால் பின்னறைக்கு ஓடி, மாமன் மெத்தையில் விழுந்து டிவியில் ஃபுட்டி ஆட்டம் பார்ப்பாள்.

"மாமா, உன் டீமுக்குப் பந்து எதுன்னாவது தெரியுமா?"

"வாயாடி! பேசாம பாரு."

அரிப்பு திரும்ப வந்தது. சொறிந்த இடமெல்லாம் புண், புண்ணெல்லாம் சீழ். மழைக்காலம் முடிவதற்குள் லரீசாவுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. புண்ணில் புகுந்த கிருமியால் இதய வால்வு கெட்டுவிட்டது என்றார்கள்.

டார்வினுக்குக் கொண்டுபோக விமானம் வந்தது. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது கெரின் கத்தியே விட்டாள்.

"உன் வீட்டுல யாருக்கோ இன்னும் சிரங்கு இருக்கு! மத்த பிள்ளைங்களையும் இப்படி ஏத்தி அனுப்பணுமா?"

டெல்வின் தரையைப் பார்த்தபடி அண்ணன் பெயரைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று.

மருமகளை வழியனுப்ப வந்த அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. தங்கை தன் பெயரைச் சொன்னதற்கு, குல வழக்கப்படி அவன் கொதித்தெழ வேண்டும். ஆனால் தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நர்ஸிடம் மட்டும் பேசினான்.

"என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே, சிஸ்டர்." சட்டைக் கையை ஏற்றிப் பொருக்கைப் பார்த்தான். "அப்ப... பாப்பாவுக்கு இது என்கிட்டேருந்துதான் வந்துச்சா?"

டெல்வினுக்கும் அது கேட்டது. ஆனால் தங்கை அவள். திரும்பி அவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியாது. விமானத்தில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.