எல்லாரும் இருக்கிறோம்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், அதனால் அடிக்கடி. போட்டிக்கென்று ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒன்றுகூடக் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறவர். அந்தப் பெருமையை அவரால் அடக்கி வைத்திருக்க முடியாது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பக்கத்தில் சாப்பிடுகிறவரைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு புள்ளையத் தொலைச்சிருப்பேனா, சொல்லுங்க?" என்பார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் வேறு என்ன செய்வார், இல்லை என்று தலையாட்டி வைப்பார்.

அவர் தலை எண்ணமாட்டார். அது கத்துக்குட்டிகள் செய்கிற வேலையாம். "புள்ளைங்க ஒரு இடத்துல நிக்காது. ஒருத்தனையே ரெண்டு தடவை எண்ணிட்டு இன்னொருத்தன விட்டுருவோம். குரல் ஏமாத்தாது" என்பார். அதனால் மைதானத்திலோ பஸ்ஸிலோ முன்னால் பார்த்தபடியே "குரல்!" என்று ஒரு சத்தம் போடுவார். பிள்ளைகள் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்கவே மாட்டார். வீட்டிலும் இதே கூத்துதான். கடைக்குப் போய் வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "குரல்!"

சின்னவனுக்கு ஏழு வயது. அவனுக்கு இது ஒரு விளையாட்டு. "இருக்கேன் சார்!" என்று காது கிழியக் கத்துவான். அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறோம், எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் போடுவான். குக்கர் விசில், பக்கத்து வீட்டுக்காரர் இருமல், நான் போனில் பேசும்போது மட்டும் வருகிற அந்தக் குழைவு, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பெரியவளுக்குப் பதின்மூன்று. அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். அப்பா சத்தம் போட்டால் அவளிடமிருந்து வருவது ஒரு "ம்ம்". செத்தாலும் அதற்கு மேல் வராது. அந்த "ம்ம்"மையும் ரேடியோ அச்சு அசலாகச் செய்வான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

நாலு நாட்டுச் சுற்றுலா என்பது எங்கள் வீட்டில் பேசிப் பேசியே தேய்ந்துபோன திட்டம். ஒருவழியாகக் கிளம்பியபோது மேடத்துக்கு வர இஷ்டமில்லை. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, நான் சித்தி வீட்ல இருக்கேன்" என்றாள். மாஸ்டர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விமானம் ஏறும்போதே அவள் போனை வாங்கி, பாஸ்போர்ட்டுகளோடு தன் இடுப்புப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். "ஊரைப் பாரு, போனைப் பாக்காத."

முதல் நாட்டில் மழை. ஒரு அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். ஊசி விழுந்தால் கேட்கிற அந்தக் கூடத்தில் இவர் "குரல்!" என்றார். இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். காவலுக்கு நின்ற பெண் உதட்டில் விரலை வைத்தாள். ரேடியோ "இருக்கேன் சார்!" என்று கத்தியதில் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. மேடத்தின் முகம் சிவந்து, கண் நிறைந்து, அவள் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அப்பா சத்தம் போடும்போது அவள் தள்ளி நின்றால் அவளுடைய "ம்ம்"மையும் அவனே சொல்லிவிட வேண்டியது. பதிலுக்கு, போகிற இடமெல்லாம் ஜன்னல் சீட்டு அவனுக்கு. எங்களுக்கு இது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது நாட்டில் ஓட்டல் அறை தீப்பெட்டி அளவு. மடக்குக் கட்டிலைக் குளியலறைக் கதவோடு ஒட்டிப் போட்டுத்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. யார் உள்ளே போனாலும் அவள் காலை மடக்க வேண்டும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உம்முனு இருக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமாடி? வீட்லயே இருந்திருக்கலாமே" என்றேன். "அதத்தான் நானும் சொன்னேன்" என்றாள். அந்த ஊரில் ரயிலில் போனபோது அவள் எங்களோடு உட்காராமல் அடுத்த பெட்டியில் போய் உட்கார்ந்திருந்தாள். அதுவும் எங்களுக்குத் தெரியாது. "குரல்!" கேட்டது, இரண்டு குரலும் வந்தது, ஊர் வந்ததும் நாலு பேராக இறங்கினோம்.

மூன்றாவது நாட்டில் ஏரிக்கரை ஊருக்குப் போக நடுவில் ஒரு ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டியிருந்தது. எங்கள் பெட்டிகளில் ஒன்றுக்குச் சக்கரம் உடைந்திருந்தது. அதை நான் இழுக்க, இவர் மற்றதையெல்லாம் சுமக்க, பிளாட்பாரத்தில் ஒரே கலவரம். வண்டி வந்து நின்றதும் முட்டி மோதி ஏறி, பெட்டிகளைத் தள்ளி, உட்கார்ந்தோம். நாங்கள் இருவரும் முன் வரிசை. பிள்ளைகள் எங்களுக்குப் பின் வரிசை. தலைக்கு மேல் உயர்ந்து நிற்கிற இருக்கைகள். எழுந்து நின்று எட்டிப் பார்த்தால்தான் பின்னால் இருப்பவர் தெரியும். எனக்கு ரயிலில் தலை சுற்றும் என்பதால் உடனே கண்ணை மூடிக்கொண்டேன்.

"குரல்!"

"இருக்கேன் சார்!"

"ம்ம்."

வண்டி நகர்ந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்காவது இரண்டும் சண்டை போடாமல் வருகிறதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ரயில்வே சீருடையில் ஒருவர் ஒவ்வொரு இருக்கையாக நின்று கேட்டபடி வந்தார். குழந்தைகளோடு இருந்தவர்களிடம் மட்டும்தான் கேட்டார். எங்களிடமும் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் பிள்ளைகள் எல்லாரும் உங்களோடு இருக்கிறார்களா என்றார். இவருக்கு அந்தக் கேள்வியே பிடித்துவிட்டது. இப்போ பாரு என்பது போல என் பக்கம் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடியே "குரல்!" என்றார்.

"இருக்கேன் சார்!"

"ம்ம்."

"எல்லாரும் இருக்கிறோம்" என்று அந்த மனிதரிடம் சொன்னார். சொன்ன மிடுக்கில் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்திருக்கும். வந்தவருக்கும் சிரிப்பு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கையிலிருந்த கருவியில் ஏதோ பேசிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போனார்.

பசி எடுத்தபோது பையைத் திறந்தேன். ரொட்டிப் பொட்டலங்கள் இரண்டை இருக்கைக்கு மேலாகப் பின்னால் நீட்டினேன். ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று என் கையிலேயே இருந்தது.

"டேய், அக்காவ வாங்கிக்கச் சொல்லு. கை வலிக்குது."

"அக்கா பாத்ரூம் போயிருக்கா."

"எப்பப் போனா?"

"ஸ்டேஷன்ல."

எழுந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் அவள் சட்டை மட்டும் கிடந்தது. ஸ்டேஷனில் போகும்போது அவனிடம் கொடுத்துவிட்டுப் போன குளிர்ச்சட்டை. அவனைக் குறை சொல்ல முடியாது. போன தடவை மாதிரி வேறு பெட்டியில் ஏறியிருப்பாள் என்று அவன் நினைத்திருக்கிறான். ஒப்பந்தப்படி அவள் "ம்ம்"மையும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான். நான் பெட்டி பெட்டியாக ஓடினேன். கழிப்பறைக் கதவுகளையெல்லாம் தட்டினேன். ஒன்றிலிருந்து ஒரு கிழவர் திட்டிக்கொண்டே வெளியே வந்தார். வண்டி முழுக்கத் தேடியும் என் பிள்ளை இல்லை.

அவளிடம் போன் இல்லை. பாஸ்போர்ட் இல்லை. காசு இல்லை. நாங்கள் தங்கப்போகிற ஓட்டலின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. எல்லாமே இவர் இடுப்பில் இருந்தது. அந்த ஸ்டேஷனில் எத்தனை வாசல், எத்தனை விதமான ஆட்கள். கெட்டது கெட்டதாகவே மனசுக்குள் வந்தது, ஒன்றை விரட்டினால் அடுத்தது.

சீருடைக்காரரைத் தேடிப் பிடித்து நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்க வண்டியைப் பிடிக்கச் சொன்னார். கருவியில் வேகவேகமாகப் பேசினார். ஆனால் என் கணவரை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அந்தச் சின்ன ஸ்டேஷனில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "திரும்பினா கழுத்து சுளுக்கிக்குமா உங்களுக்கு? பெத்த புள்ளைய ஒரு தடவ கண்ணால பாத்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"'ம்ம்'னு கேட்டுச்சே" என்றார். "எனக்கு நல்லாக் கேட்டுச்சே." திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோ எங்கள் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான்.

திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். பெயரைக் கூப்பிட்டதும் யாராவது "ஆமா" என்றால் அதை நம்பி ஊசியை எடுக்கக் கூடாது, அது எங்களுக்கு முதல் பாடம். காத்திருந்து அலுத்தவர்கள் யார் பெயருக்கும் ஆமா போட்டுவிடுவார்கள். முகத்தைப் பார்த்து, உங்க பேரைச் சொல்லுங்க என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஆட்களை அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் நான் தொடுகிறேன். அதற்கப்புறம் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

திரும்பிப் போனபோது பிளாட்பாரத்திலேயே ஒரு ஊழியர் எங்களுக்காகக் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார். சின்ன அலுவலக அறை. சுவர் முழுக்கக் கேமராத் திரைகள், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். ஒன்றில் என் மகள் யாருடைய கோட்டையோ போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சூடான கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் வயது இருக்கும் ஒரு பெண், ஸ்டேஷன் ஊழியர். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டது நான்தான். அவள் கோப்பை சிந்தாமல் பார்த்துக்கொண்டாள்.

"பயந்துட்டியாடி?" என்றேன் அழுதுகொண்டே.

"மொதல்ல இல்ல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வண்டி போயிருச்சுன்னு தெரிஞ்சதும் இந்த ஆன்ட்டிகிட்ட வந்து சொன்னேன். ஒடனே வண்டிக்குப் பேசினாங்க. கவலப்படாத, உங்க அம்மா அப்பா இந்நேரம் உன்னத் தேடிக்கிட்டு இருப்பாங்கன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பறம் வண்டியிலேருந்து பதில் வந்துச்சு. எல்லார்கிட்டயும் கேட்டாச்சாம். அந்த வண்டியில யாருக்கும் எந்தப் புள்ளையும் காணாமப் போகலையாம்."

"ஆன்ட்டி என்கிட்ட மறுபடி கேட்டாங்க. நீ நிச்சயமா அந்த வண்டிதானா, உன்கூட நிஜமாவே யாராவது வந்தாங்களான்னு. எனக்கே சந்தேகமாயிருச்சும்மா. அப்பதான் பயந்தேன்."

ரேடியோ அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "நான்தான்க்கா, நான்தான் சொன்னேன்" என்று விம்மினான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அவள் பார்த்தது அப்பாவை.

"அந்த ஆளு வந்து கேட்டப்ப நீங்க என்னப்பா சொன்னீங்க?"

ஒரு பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது. அவர் சுவரில் இருந்த திரைகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கோம்னு சொன்னேன்."

"திரும்பிப் பாத்தீங்களா?"

மைதானம் முழுக்கக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் அடுத்து என் பக்கம் திரும்பினாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெற்றவளாச்சே, அம்மாவாவது பார்த்திருப்பாள் என்று கடைசியாக ஒரு இடம் அவள் மனசில் மிச்சம் இருந்திருக்கும். அது எனக்குத் தெரிந்தது. தலை சுத்திச்சு, கண்ண மூடியிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை.

"நானும் பாக்கலடி" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். கோட்டைக் கழற்றி மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து நன்றி சொன்னாள். அந்தப் பெண் குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள். என் மகள், நான் கட்டிக்கொண்டபோது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இருந்தவள், அந்த முன்பின் தெரியாத தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.