ஈ காக்கை இல்லாத படங்கள்

வெளிநாட்டுத் துறைமுக நகரம் ஒன்று, தன் பயணிகள் கப்பல் வாராவாரம் நின்று போக எங்கள் பக்கத்தில் ஒரு சிற்றூரைத் தேடிக்கொண்டிருந்தது. எங்களோடு இன்னும் இரண்டு ஊர்கள் போட்டியில் இருந்தன. உதவி கேட்டுத் தூதரகத்துக்கு எழுதினோம், வாழ்த்து அனுப்பினார்கள். ஆகவே விடுதிக்காரர் சங்கமே தூது போக முடிவு செய்தது. பாதி விடுதிகள் பூட்டிக் கிடந்த காலம் அது. இந்தக் கப்பலும் கை நழுவினால் மிச்சத்தையும் பூட்டவேண்டியதுதான்.

சங்கத்தின் செயலாளர் என் கணவர். அந்த நகரத்தோடு உறவை வளர்த்தவர் அவர்தான். அழைப்பு வந்தபோது அவர் இல்லை, மாரடைப்பு. அவர் சொல்லச் சொல்ல அந்த மொழியில் கடிதம் எழுதியவள் நான் என்பதால் என்னையே அனுப்பினார்கள். துணைக்கு என் கொழுந்தன் வந்தார், படகுப் பட்டறைக்காரர்.

அவர்களின் கூட்ட அறைச் சுவரில் நாங்கள் மாட்டிய பெரிய படங்களும் என் கணவர் எடுக்கவைத்தவைதான். விடியற்காலையில் கடைவீதியை மறித்து, வண்டிகளை அப்புறப்படுத்தி, ஆட்களை விரட்டி, தெருவைக் கழுவிவிட்டு எடுத்தவை. சங்கமே கைதட்டி ஒப்புக்கொண்ட படங்கள்.

துறைமுகக் குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது. இங்கே யாராவது குடியிருக்கிறார்களா?"

பக்கத்திலிருந்தவர், கல்லறை பார்க்க எங்கள் ஆட்கள் கப்பல் ஏறமாட்டார்கள் என்றார். சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். சுவர் நிறைய எங்கள் ஊர். ஈ காக்கை இல்லை. என் கணவரும் இல்லை. எல்லாரையும் விரட்டிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றிருப்பார்.

"என்ன அண்ணி சொல்றாங்க?" என்றார் கொழுந்தன்.

"ஊர்ல ஆளே இல்லையான்னு கேக்கறாங்க."

"அடப்பாவிகளா! நடக்கவே வழி இல்லாத தெரு அது!"

எங்கள் கடைவீதி ரொட்டிக்கடை அக்காவை வீடியோவில் அழைத்தேன்.

"என்னடி, கப்பல் கெடச்சுதா?"

"இன்னும் இல்லக்கா. போனைத் தெருப்பக்கம் திருப்புங்க."

"ஐயோ, சங்கத் தலைவர் கோட்டு போட்டுக்கிட்டு வரட்டும்டி. நானே தலை சீவல."

"கோட்டெல்லாம் வேணாம். திருப்புங்கக்கா."

திருப்பினார். நான் என் போனைக் குழுவுக்குக் காட்டினேன். தெருவின் குறுக்கே ஐஸ் லாரி நின்றது. முடிதிருத்துபவர் சவரக்கத்தியோடு வாசலுக்கு வந்து கத்திக்கொண்டிருந்தார்.

"உன் லாரிய என் கடைக்குள்ளயே விட்டுடேன்யா!"

"இடம் இருந்தா விட மாட்டனா?"

பாதிக் கன்னத்தில் நுரையோடு ஒருவர் உள்ளிருந்து தலையை நீட்டி, "சண்டைய அப்புறம் போடுங்கப்பா, காயுது!" என்றார்.

மொழி தெரியாமலே குழு முழுவதும் சிரித்தது. தலைவி மட்டும் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்.

"ஒரு லாரிக்கே இந்தப் பாடு. எங்கள் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் எங்கே நிற்கும்?"

சரியான கேள்வி. தலைநகருக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் கப்பல் அடுத்த ஊருக்குப் போய்விடும். நான் கொழுந்தன் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, உங்க பட்டறை முன்னாடி இருக்கற எடத்த பஸ்ஸுக்கு விடணும்."

"அண்ணி, அது என் எடம்!"

"தெரியும். அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

"அங்க படகு நிக்குது."

"படகு தண்ணியில நிக்கட்டும்."

அவர் விரல்விட்டுப் படகுகளை எண்ணினார். பிறகு தலைவியைப் பார்த்து, யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாதபடி தலையை ஆட்டினார். கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே எங்கள் ஊர்க்காரரின் இடம் தயாராக இருக்கிறது என்றேன். இதற்கு அரசாங்க அனுமதி வேண்டாமா என்று தலைவி கேட்டார். சொந்தக்காரர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கோடையின் முதல் கப்பலை எங்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

வெளியே மழை தூறியது. டிராமுக்காக நின்றபோதும் கொழுந்தன் எந்தப் படகை எங்கே தள்ளுவது என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இருந்திருந்தா என் எடத்த இப்படிக் கேட்டிருக்க மாட்டாரு அண்ணி."

"கேட்டிருக்க மாட்டாருதான் தம்பி. உங்கள கேக்காமலே குடுத்திருப்பாரு."

அவர் சிரித்த சிரிப்பில் நிறுத்தத்தில் நின்ற அந்த நகரத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.