மணிக்கம்பி

பயணிகள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு கேப்டன் எஞ்சின் அறைக்குள் இறங்கி வந்தான். அவன் அங்கே வருவது அபூர்வம். வெள்ளைச் சட்டையில் கறை பட்டுவிடும் என்று ஏணியின் பாதியிலேயே நின்று குனிந்து பேசிவிட்டுப் போகிறவன், அன்றைக்குக் கடைசிப் படிவரை இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறிய மரப்பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். 

அவன் ஏதோ சொன்னான். குண்டு பல்பு அவன் முதுகுக்குப் பின்னால் எரிந்ததால் முகம் இருட்டாக இருந்தது. எஞ்சின்காரர் கிரீஸ் எதையோ துடைக்கிற பாவனையில் இந்தப் பக்கம் நகர்ந்து வர, அவனும் தன்னை அறியாமல் திரும்பினான். வெளிச்சம் உதடுகளில் விழுந்தது. இது கிரீஸுக்குக் கைவந்த கலை.

"அத்தான், நான் மணி அடிச்சேனா?"

கிரீஸ் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"ரேடியோவுல அந்தப் பக்கத்துப் படகுக்காரன் கத்துறான். இங்க மைக்குல வழிகாட்டிப் பொண்ணு கத்துது. முன்னாடி திடீர்னு திமிங்கிலத்தோட முதுகு தெரிஞ்சுது. கை மணிக்கம்பிக்குப் போனது ஞாபகம் இருக்கு. இழுத்தேனாங்கிறதுதான்... எனக்கு ஞாபகமே வரல அத்தான். மேல இருந்த யாருக்கும் அந்தக் கூச்சல்ல ஒண்ணும் கேக்கலையாம். கீழ நீங்க ஒருத்தர்தான இருந்தீங்க. அடிச்சேனா?"

அந்த மனிதரின் பெயர் இன்னதென்று படகுத்துறையில் யாருக்கும் தெரியாது. கிரீஸ், அவ்வளவுதான். மனைவி வழி உறவுக்காரர்கள்கூடக் கல்யாண வீடுகளில் "கிரீஸ் மாமா வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். வந்துவிட்டால் போதும், ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். திமிங்கிலம் எவ்வளவு பெரிசு, வாலால் அடித்தால் படகு கவிழுமா, மூச்சு விட்டால் நாறுமா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். மனிதர் சளைக்காமல் அளந்துவிடுவார். "நம்ம தெருவைத் தூக்கிக் கடல்ல போட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான்" என்பார். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தத் தீவில் திமிங்கிலம் காட்டும் படகுகளில் இத்தனை வருஷம் உழைத்தும் அவர் ஒரு திமிங்கிலத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. திமிங்கிலம் தெரிந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும், அது நகர்ந்தால் உடனே ஓட்ட வேண்டும். மேலே எல்லாரும் ஆகா ஓகோ என்று துள்ளும்போது எஞ்சின்காரன் கீழேதான் கிடக்க வேண்டும். ஒரு காலத்தில் மைக்கில் வழிகாட்டிப் பெண் சொல்வது பலகை வழியே கேட்கும். அதை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் ஒப்பேற்றினார். பிறகு அதுவும் கேட்காமல் போயிற்று.

காது ஒரே நாளில் போகவில்லை. எஞ்சின் சத்தம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் போனது கொசுவின் ரீங்காரம். நல்லதாப் போச்சு என்று சிரித்தார். அப்புறம் குழாய் சொட்டுவது, கதவு தட்டுவது, மனைவி அடுத்த அறையிலிருந்து முணுமுணுப்பது. அவள் கத்திக் கத்தியே பேசவேண்டி வந்ததில் வீட்டில் ரகசியம் என்பதே ஒழிந்தது. இவர்கள் சண்டை போட்டால் எதிர்வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். எஞ்சின்காரன் குடும்பம் அப்படித்தான் உரக்கப் பேசும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவளுடைய தம்பியான இந்தக் கேப்டனே ஒருமுறை, "அக்கா, அத்தானுக்குக் காது மந்தமா?" என்று சந்தேகப்பட்டுக் கேட்டான். "போடா, அவருக்குப் பாம்புக் காது" என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள். செவிட்டு எஞ்சின்காரனை எந்தப் படகுக்காரன் வைத்துக்கொள்வான்?

அந்தப் படகு பழைய மரப்படகு. மேலே சுக்கான் அறையில் கேப்டன் கம்பியை இழுத்தால் கீழே மணி அடிக்கும். ஒன்று என்றால் ஓட்டு, இரண்டு என்றால் நிறுத்து. மேலிருந்து வரும் கம்பி எஞ்சின் அறையின் கூரையை ஒட்டி ஓடி மணியில் போய் முடியும். மணிச் சத்தம் காதைவிட்டுப் போனபோது கிரீஸ் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடது உள்ளங்கையை அதன்மேல் லேசாக வைத்திருப்பார். மேலே இழுத்தால் கையில் சுருக்கென்று ஓடும். வேலை ஒழுங்காக நடந்தது, குறை சொல்லக் கூடாது. ஆனால் மேலே யாராவது எட்டிப் பார்க்கிற நிழல் விழுந்தால் சட்டென்று கையை எடுத்துத் தலையைச் சொறிவார். காது கேட்கிற எவனும் மணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டான். அது பார்க்கிறவனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

அன்றைக்கு டீசல் குழாயில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து சொட்டத் தொடங்கியது. இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டினார். கம்பியில் கை இல்லாத அந்த நேரத்தில்தான் காலுக்கடியில் படகு எதன்மேலோ ஏறி இறங்கியது. மரக்கட்டையாக இருக்கும் என்று எஞ்சினை நிறுத்தினார். மேலே பயணிகள் பேரலை என்று நினைத்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து சிரித்தார்களாம். கேப்டன் ஒருவன்தான் படகுக்குப் பின்னால் தண்ணீர் சிவந்ததைப் பார்த்தான்.

"சொல்லுங்க அத்தான். அடிச்சேனா இல்லையா?"

அவன் மணி அடிக்க மறக்கிறவன் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. கிரீஸுக்கு அது தெரியும். அடித்தாய் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்றும் தெரியும். பிறகு ஏன் நிறுத்தவில்லை என்றுதான் கேட்பான்.

"அடிக்கல, மாப்ள."

 அவன் அவர் கையைப் பிடித்து, கறை படிவதைக்கூடப் பார்க்காமல், இரண்டு முறை அழுத்தினான். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்கிறானாம். கிரீஸுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் அது அவள் தம்பி விஷயம். அவள் முகம் வெளிறிவிட்டது.

"மறந்துட்டானா? அவனா?"

"ஆமா. மணி அடிக்கல."

அவள் ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு முதல்முறையாகக் கத்தாமல் பேசினாள். உதடுகளில் அது தெளிவாகத் தெரிந்தது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

  அவள் மடித்த துணிகளை எல்லாம் உதறிவிட்டு முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி, "அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. பாம்புக் காதுன்னு சொன்னவ நான். என்னால அவன் முகத்துல முழிக்க முடியாது" என்றாள். இதை வழக்கம்போலக் கத்தித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

சொல்வதற்குள் கேப்டன் முந்திக்கொண்டான். மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் போய், மணி அடிக்க மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டான். யாரும் கேட்காமலே! முதலாளி குதித்தார். படகின் பெயர் கெட்டுவிடுமே என்று பிறகு குரலைத் தாழ்த்தினார். விஷயம் வெளியே போகக் கூடாது, அடுத்த வாரத்திலிருந்து வேறு கேப்டன் வருவான், இவன் துறையில் நின்று ஆட்களைக் கூவிக் கூவி டிக்கெட் விற்கட்டும் என்று முடிவாயிற்று. சுக்கானைத் தவிர வேறெதையும் தொட்டு அறியாதவன் அவன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தானாம்.

அதற்குப் பிறகுதான் அந்தத் திமிங்கிலம் மிதந்து வந்தது. துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில், செத்து ஊதி, மல்லாந்து கிடந்தது. சீசனே படுத்துக் கிடந்த நேரம். திமிங்கிலம் காட்டவில்லை என்று பயணிகள் சண்டைக்கு வந்துகொண்டிருந்தார்கள். முதலாளிக்கு மூளை மின்னலாக வேலை செய்தது. "உசுரோட இருந்தாத்தான் ஓடும். இது எங்க போகப் போகுது? கப்பல் அடிச்சிருச்சுன்னு சொல்லிக் காட்டுங்க" என்றார். கேப்டனுக்குக் கடைசிப் பயணமாக வாய்த்தது அதுதான். அடப் பாவிகளா என்று கிரீஸ் வாய்விட்டே சொன்னார். எவ்வளவு உரக்கச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பயண நாள் காலையில் மனைவி எதுவும் பேசாமல் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். வாசல்வரை வந்தாள். அவர் தெருமுனை திரும்பும்வரை கதவைச் சாத்தவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கிரீஸ் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். 'நீ அடிச்ச மாப்ள, எனக்குத்தான் கேக்கல.' இதில் என்ன கஷ்டம்? நாலைந்து வார்த்தை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கம்பி இரண்டு முறை துடித்தது. நிறுத்தினார். சற்று நேரத்தில் வழிகாட்டிப் பெண் மேலேயிருந்து குனிந்து, மேலே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். கேப்டன் கூப்பிடுகிறாராம். கையைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

முதலில் வெயில் கண்ணைக் குத்தியது. அப்புறம் நாற்றம் முகத்தில் அடித்தது. பயணிகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் படம் எடுத்தார்கள். ஒரு பெண் பையில் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போனைத் தூக்கினாள். அப்பால் அது கிடந்தது. கல்யாண வீடுகளில் அவர் அளந்த நீலமும் பளபளப்பும் எங்கேயும் இல்லை. சாம்பல் நிறத்தில், காற்றடைத்த மூட்டையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பறவைகள் அதன்மேல் நடந்தன. படகு சுற்றி வந்ததும் விலாப்புறம் தெரிந்தது. ஒரே இடைவெளி விட்டு, வரிசையாக, சாய்வான வெட்டுகள். மைக்கில் அந்தப் பெண் பெரிய கப்பலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிரீஸுக்குக் கப்பல் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சீசன் முடிவிலும் அந்தப் படகின் அடியில் சுழலும் விசிறியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறவர் அவர்தான். அதன் இலைகளின் அகலம் அவர் விரல்களுக்குத் தெரியும்.  இவ்வளவு பெரிய உயிரா என்று நினைத்தார். இதையா?

கேப்டன் பக்கத்தில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"நல்லாப் பாருங்க அத்தான். நீங்க பார்த்ததே இல்லையே."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாண வீட்டுக் கதைகளை எல்லாம் பக்கத்தில் நின்று கேட்டும் ஒருநாளும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறான். கிரீஸ் வாயைத் திறந்தார். அதற்குள் அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகைக் காட்டியபடியே என்னவோ பேசினான். தாடை அசைவது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது. நீளமாகப் பேசினான். இடையில் ஒருமுறை தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு திரும்பி, பதிலை எதிர்பார்க்கிற முகத்தோடு அவரைப் பார்த்தான்.

கிரீஸ் தலையாட்டினார். வருஷக்கணக்காக எல்லாருக்கும் ஆட்டிய அதே தலையாட்டல். உருட்டி உருட்டி வைத்திருந்த வாக்கியம் உள்ளேயே நின்றுவிட்டது.  கேப்டன் இன்னும் ஒரு நொடி பார்த்தான். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சுக்கான் அறைக்குப் போனான்.

கீழே எஞ்சின் சூடு ஆறிக்கொண்டிருந்தது. கிரீஸ் சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே போய் நின்று, இடது உள்ளங்கையைக் கம்பியில் வைத்தார். ஒன்று வர வேண்டும். ஒன்று வந்தால் ஓட்டலாம். கரை சேர்ந்தால் அவன் துறையில் நின்று கூவுவான், இவர் புதுக் கேப்டனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கம்பி துடித்தது. ஒன்று அல்ல, இரண்டு.

எஞ்சின் நின்றுதானே இருக்கிறது என்று குழம்பினார். மறுபடியும் இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு, இப்போது பலமாக. அவருக்குப் புரிந்தது. மேலே அவன் தன் கையைச் சோதித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு இப்படி இழுத்தேனா, இப்படியா, இவ்வளவு வேகமாகவா என்று கையிடமே கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் கேள்வியை இனி அவன் எங்கே போய் நின்றாலும், டிக்கெட்டைக் கிழித்துக்கொடுக்கும்போதும், கேட்டுக்கொண்டேதான் இருப்பான்.

கிரீஸ் விரல்களை மடக்கினார். கம்பியை உள்ளங்கையோடு சேர்த்து முஷ்டியாக இறுக்கிப் பிடித்தார்.

மேலே இழுத்தான். கம்பி அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தான். அவர் விடவில்லை. கம்பி தோலை அறுத்துக்கொண்டு விறைத்து நின்றது. அந்த முனையிலும் கை எடுக்கப்படவில்லை என்பது அதன் விறைப்பில் தெரிந்தது. இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெல்ல, மிக மெல்ல, அந்தப் பக்கம் கம்பி தளர்ந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. தலையைச் சொறியவில்லை. ஏணியின்மேல் விழுந்திருந்த சதுர வெயிலில் ஒரு நிழல் வந்து நின்றது.