தெருவே கேட்ட ஜெபம்

இடுப்பைப் பிரித்துத் தைக்கச் சொல்லி ஒரு பெண் வந்தால், காரணம் சாப்பாடா பிள்ளையா என்று கத்தரிக்குத் தெரிந்துவிடும். சில வீடுகளில் புருஷனுக்குச் சேதி போய்ச் சேர்வதற்கு முன்பே அவளுக்குப் போய்விடும். நீளம் குறைக்க, அகலம் கூட்ட, ஜிப் மாற்ற என்று ஒற்றை மெஷினோடு அவள் நடத்திய கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. அவள் வாய்க்காகத் தெரு வைத்த பெயர் கத்தரி. கடைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவளுக்குத் தன் பாவாடைக் கொக்கி மாட்டாதபோது மட்டும் புத்தி ஓடவில்லை. துவைத்துச் சுருக்கிவிட்டாய் என்று சலவைக்கடைக்காரியோடு சண்டைக்குப் போனாள். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "துணி அப்படியேதான் இருக்கு. நீதான் ரெண்டாயிட்டே," என்றாள்.

சிரிக்கும் நிலைமையில் கத்தரி இல்லை. வயது நாற்பது. லாரி ஓட்டும் புருஷன் ஒரு மாதம் முன்புதான், "தேடாதே" என்று ஒற்றை வார்த்தையில் செய்தி அனுப்பிவிட்டு, வேறொருத்தி வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டான். அதற்குச் சில வருஷங்கள் முன்பு ஒரு பையன் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டான். அன்றிலிருந்து கத்தரி கடவுளோடு பேசுவதில்லை. அவர் இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறார், ஆனால் அவரோடு காய். தெருவிலிருக்கும் கிறிஸ்தவச் சபையைத் தாண்டிப் போகும்போது சிறுபிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இந்த வயசுல, தனியா, எதுக்குடி?" என்றாள் அக்கா. "கலைச்சிடலாம்னு நான் க்ளினிக்ல பேசிட்டேன். மத்தியானம் போ. நானும் வந்திருப்பேன், லீவு கிடைக்கல."

க்ளினிக் சபைக்குப் பக்கத்துக் கட்டடம். கத்தரி சீக்கிரமே வந்துவிட்டாள். சபைக் கதவு திறந்திருந்தது. போகிற போக்கில் கடவுளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். பிள்ளைத்தாய்ச்சித் தூக்கம் இடம் பொருள் பார்க்காது.

சபையைத் திறந்து, பெருக்கி, விளக்குப் போடுகிற கோயில்பிள்ளைக்குக் காது மந்தம். பெஞ்சில் படுத்திருந்தவளை அவர் பார்க்கவும் இல்லை, அவள் குறட்டை அவருக்குக் கேட்கவும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

விழித்த கத்தரி கதவைத் தட்டினாள், உதைத்தாள். ஒருவரும் வரவில்லை. கண்ணில் பட்டது பிரசங்க மேடையிலிருந்த மைக். பொத்தானைத் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்றாள். உள்ளே சத்தமே எழவில்லை. மைக் செத்துவிட்டது என்று நினைத்தாள். கூட்டம் நிரம்பி வழியும் நாட்களுக்காகத் தெருப்பக்கம் மாட்டியிருந்த ஒலிபெருக்கியோடு மட்டும் அது இணைந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

சரி, வந்த வேலையையாவது முடிப்போம் என்று மேடையில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இப்ப பூட்டிட்டியா? நல்லா பண்ணே. கேட்டப்ப குடுத்தே, குடுத்த அன்னிக்கே பிடுங்கிக்கிட்டே. இப்ப கேக்காமயே குடுக்கறே. பக்கத்துல க்ளினிக்ல சீட்டு போட்டு வச்சிருக்கேன், தெரியுமா? எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? அது அசையறதுக்கு முன்னாடியே அதோட நான் பேச ஆரம்பிச்சிட்டேன். அது சும்மா ஒரு கட்டின்னு எல்லாரும் சொல்றாங்க. கட்டியோட யாராவது பேசுவாங்களா? ஆனா நான் மெஷின்ல உக்காந்தா அதை யாரு தூக்குவா? நீ வருவியா? வாயத் தொறந்து சொல்லு."

தெருவில் சைக்கிள்கள் நின்றன. க்ளினிக்கின் வரவேற்பு மேஜைப் பெண் ஜன்னலைத் திறந்தாள். சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்ததில் யாருடைய சட்டையோ கருகியது.

கதவு திறந்தது. கோயில்பிள்ளை கையில் சாவியோடு, வாயில் பாதிச் சாப்பாட்டோடு நின்றார்.

"பத்து வருஷமா எனக்கு ஒரு பிரசங்கமும் முழுசாக் கேட்டதில்ல," என்றார். "உன்னோடது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. காலையில பெருக்கி முடிச்சா எனக்கு வேற வேலை இல்ல. குழந்தைய நான் வச்சுக்கறேன். அது அழுதாலும் எனக்குத் தொந்தரவு இல்ல பாரு."

பின்னாலிருந்து சலவைக்கடைக்காரி, "சாயந்திரம் எங்கிட்ட விடு. என்னைத் திட்டினதுக்கு மட்டும் முதல்ல மன்னிப்பு கேளு," என்றாள்.

கத்தரிக்கு முதலில் வந்தது வெட்கம், அடுத்தது கோபம். அழுகை கடைசியாகத்தான் வந்தது. அன்றைக்கு அவள் க்ளினிக்குக்குப் போகவில்லை. மறுநாள் அக்கா வேறு நாள் குறித்துக் கொடுத்தாள். அதற்கும் போகவில்லை. மகள் பிறந்தாள், கதவை உதைத்த அம்மாவின் அதே கால்களோடு.

"கடவுள்தான் உன்னைப் பூட்டி வச்சாரு," என்று போதகர் ஒருமுறை உருகினார். "ஐயா, பூட்டினது காது கேக்காதவரு. அந்தப் பழிய கடவுள் மேல போடாதீங்க," என்றாள் கத்தரி. ஆனால் பூட்டிக் கிடந்த அந்த வாரத்திலிருந்தே அவள் சபைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். காய் பழமாகிவிட்டது. ஜெபம் மட்டும் பழைய தோரணைதான். மற்றவர்கள் விண்ணப்பித்தார்கள், இவள் விசாரித்தாள்.

அதன்பிறகு, இடுப்பைப் பிரிக்க வந்து கண் கலங்கி நிற்கிற பெண்களை அவள் சும்மா அனுப்புவதில்லை. துணி மாற்றும் மறைப்புக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துப் பேசுவாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அப்படித்தான் வந்தாள். "வயித்துல இருக்கறது ஒரு உயிரும்மா. கடவுள் பாத்துப்பார்," என்றாள் கத்தரி. அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். சில வாரம் கழித்து, பிரித்த அதே பாவாடையைப் பழையபடி பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்தாள்.

கத்தரி பாவாடையை வாங்கி மடியில் விரித்து, தான் பிரித்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"திட்டணும்னா திட்டிடுங்கக்கா."

"திட்டினா தையல் கோணும். உக்காரு."

"கடவுள் பாத்துப்பார்னீங்க. நான் வேலைக்குப் போனா பிள்ளைய யாரு பாத்துப்பான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல."

அந்தக் கேள்வியைத் தெருவுக்கே கேட்கும்படி கேட்டவள் கத்தரி. அவளுக்கு ஊசி ஓடவில்லை.

கருவிலிருக்கும் உயிருக்காகப் பிரச்சாரம் செய்கிற சங்கம் ஒன்று அவளைப் பேச அழைத்தது அப்போதுதான். சங்கத்தின் தலைவியம்மா ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். கஞ்சி போட்ட புடவை, கஞ்சி போட்ட குரல். "உயிருக்காக நிற்பவர்கள் எல்லோரும் கை தூக்குங்கள்," என்று கூட்டத்தை ஆரம்பித்தார். அரங்கம் முழுக்கக் கை முளைத்தது.

"அப்படியே வச்சிருங்க, இறக்கிடாதீங்க," என்று மைக்கை வாங்கிக்கொண்டாள் கத்தரி. "வயித்துல இருக்கறது உயிர்னு நானும் நம்பறேன். நம்பித்தான் பெத்தேன். ஆனா அதைச் சுமக்கறவளும் உயிர்தான். அவ தனியா நிக்கறப்ப நாம வாயால மட்டும் தாலாட்டு பாடறோம். என் கடைக்குப் பின்னாடி ஒரு அறை காலியா இருக்கு. வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களுக்குத் தொட்டில் கட்டப்போறேன். வியாழக்கிழமை காலையில வந்து ஒரு குழந்தைய வச்சுக்கறவங்க கை மட்டும் மேல இருக்கட்டும்."

ஒரு கை தலையைச் சொறியப் போனது. ஒன்று கண்ணாடியைச் சரிசெய்தது. மற்றவையெல்லாம் மழை விட்டதும் மடங்கும் குடை மாதிரி மடங்கின. மிஞ்சியது ஒரே கை, கடைசி வரிசையில். தலைவியம்மாவின் கணவர்.

"எப்படியும் காலையில வீட்டை விட்டு வெளிய போக ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தேன்," என்றார் அவர்.

அரங்கம் சிரித்தது. தலைவியம்மா சிரிக்கவில்லை. ஆனால் தன் வீட்டுக்காரரைத் தனியே அனுப்பி மானத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. முதல் வியாழக்கிழமை இருவருமாக வந்து இறங்கினார்கள். கணவர் சாமர்த்தியமாகத் தூங்குகிற குழந்தையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பட்டமளிப்பு விழாவில் சான்றிதழை நீட்டுவதுபோல இரண்டு கைகளாலும் தலைவியம்மா ஏந்தி நின்ற குழந்தை, பாலையெல்லாம் அந்தக் கஞ்சிப் புடவையில் கக்கிவிட்டு வீறிட்டது.

"இது ஏன் நிறுத்த மாட்டேங்குது?" என்றார் தலைவியம்மா. இலக்கணத் தமிழ் எங்கோ காணாமல் போயிருந்தது.

வாசலில் மருந்துக்கடைப் பெண் நின்றிருந்தாள். தைத்த பாவாடையை வாங்க வந்தவள் அது கைக்கு வந்த பிறகும் போகவில்லை. உள்ளே வரலாமா என்பதுபோலக் கத்தரியைப் பார்த்தாள். கத்தரி மெஷினைச் சற்று நகர்த்தி வழிவிட்டாள்.

"தோள்ல போட்டுக்கணும் மேடம்," என்றபடி அந்தப் பெண் குழந்தையை வாங்கி, முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்தாள்.