அட்டையின் பின்பக்கம்

புதன்கிழமை காலை டெஸ்மண்ட் தாக்ரே கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே முகம் மழித்துக்கொண்டிருந்தார். கெட்டிலில் காய்ச்சிய நீர் கிண்ணத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிட்டிருந்தது. குழாய்களில் வெந்நீர் ஓடவிட்டு அறைகளைச் சூடாக்கி இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த கேஸ் பாய்லர் ஞாயிறன்று இருமி ஓய்ந்ததிலிருந்து, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வரிசை வீடுகளின் கடைசியில் நின்ற அந்த வீட்டின் ரேடியேட்டர்கள் யாவும் பிணம்போல் குளிர்ந்து கிடந்தன. கணவனும் மனைவியும் மட்டுமே கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்கண்ணன் கூட்டிட்டு வர்ற ஆளு கேஸ் லைசென்ஸ் கார்டைக் காட்டாம இந்த வீட்டுல கைய வெச்சான்னா, நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றார் நோரீன்.

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்.”

“கேக்கட்டும். அவங்களாவது கேக்கட்டும்.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மகள் பிரையனிக்கு மாதம் நிறையாமலே பெண் குழந்தை பிறந்து, பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்தது. மறுநாள் தாயும் சேயும் இங்கே வருவதாக ஏற்பாடு. அவர்களுக்கென ஒதுக்கிய அறை சமையலறைக்கு நேர் மேலே இருந்தது.

திங்களன்று, நோரீன் மருத்துவமனைக்குப் போயிருந்த வேளையில், பிராட்ஃபோர்டிலிருந்து ரஷீதா அக்தர் என்ற கேஸ் மெக்கானிக் வந்து பார்த்துச் சென்றிருந்தார். அவர் ரேடியேட்டர்களை எண்ணினார். குழாயைத் திறந்து நிமிடத்துக்கு எவ்வளவு நீர் வருகிறது என அளந்தார். வீட்டில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்றும் விசாரித்தார். பெரிய பாய்லர் தேவையில்லை, நடுத்தர அளவே போதும் என்றார். பழைய குழாய்களில் படிந்த துருச்சேற்றை அலசாமல் புதியதை மாட்டினால் இரண்டே குளிர்காலத்தில் அதுவும் படுத்துவிடும் என்றார். உதிரிபாகம் இந்த ஊரிலேயே கிடைக்கிற ரகமாக ஒன்றைச் சொன்னார். ஆண்டுக்கொருமுறை சோதித்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்பதையும் மறைக்கவில்லை. புகைக்குழாயைப் பின்சுவர் வழியாக விட முடியாது, மேலே படுக்கையறை ஜன்னல் இருக்கிறது, பக்கச் சுவரைத்தான் துளைக்க வேண்டும் என்றார். ஆனால் அடுத்த திங்களுக்கு முன் தன்னால் வர இயலாது என்றும் சொல்லிவிட்டார்.

டெஸ்மண்டின் அண்ணன் ராண்டல் இதைக் கேட்டுச் சிரித்தார். எந்தக் காரியத்துக்கும் கையில் ஓர் ஆள் வைத்திருப்பவர் அவர். “பொம்பளை ஒருத்தி வந்து குழாயைத் தடவிட்டுப் போயிட்டா. அதுக்காகப் பச்சப்புள்ளையைக் குளிர்ல போடுவியா? நம்ம கெவ் இருக்கான். பாதி விலை, ஒரே நாள்ல முடிச்சுடுவான்.” அண்ணனிடம் இல்லை என்று சொல்லும் பழக்கம் டெஸ்மண்டுக்கு அறுபத்தொரு வயதுவரை வாய்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு வேன் வந்து நின்றது. கெவ் புது பாய்லர் இருந்த ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார், பின்னாலேயே ராண்டல்.

“என்ன கண்ணு, கெட்டில் இன்னும் சூடாகலையா? எனக்கு மூணு சர்க்கரை” என்றார் கெவ்.

“உனக்கு நான் கண்ணு இல்ல” என்றார் நோரீன். “கார்டைக் காட்டு. அப்புறம் டீ.”

சமையலறை மேலும் குளிர்ந்தது. அந்தத் தெருவில் வேலைக்கு வந்தவர் வாசலைத் தாண்டியதும் கெட்டிலைத் தட்டிவிடுவார்கள். தேநீர் கைமாறிவிட்டால் வந்தவர் விருந்தாளி. விருந்தாளியிடம் சான்று கேட்பது முகத்தில் உமிழ்வதற்கு ஒப்பு. தேநீரே தராமலிருப்பது அதைவிடவும் மோசம். நோரீன் அதை அறியாதவர் அல்லர். அறிந்தேதான் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

“டேய் டெஸ்மண்ட்,” ராண்டலின் முகம் சிவந்தது, “உன் பொண்டாட்டி என் நண்பனைத் திருடனாட்டம் நிக்க வெச்சிருக்கா. நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே!”

டெஸ்மண்டுக்குக் காது மடல்கள் எரிந்தன. “மன்னிச்சுக்கங்க கெவ். அவளுக்கு ராத்திரி தூக்கமில்ல” என்று முனகியபடி, மனைவியின் கையிலிருந்து பிளக்கை மெல்ல விடுவித்துத் தாமே தேநீர் போட்டுக் கொடுத்தார். மூன்று சர்க்கரையோடு.

நோரீன் கணவனைப் பார்த்த பார்வையில் முப்பத்தாறு ஆண்டு இல்லறம் ஒரு கணம் ஆட்டம் கண்டது.

கெவ் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சற்றே தூக்கிக் காட்டினார். “இந்தா அம்மணி. படம், பேரு, தேதி எல்லாம் சரியா இருக்கா? திருப்திதானே?” படமும் பெயரும் அவருடையவைதாம், காலாவதித் தேதியும் கடந்திருக்கவில்லை. “பாத்தியா?” என்றார் ராண்டல்.

கெவ் கோப்பையைக் காலி செய்துவிட்டுப் பின்சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தார். “புகைக்குழாயை இப்படியே வெளிய தள்ளிடலாம் தலைவரே. நேர் வழி.”

டெஸ்மண்ட் அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மேலே புதுத் தொட்டில் இருந்தது. அதையடுத்து ஜன்னல் இருந்தது.

“மேல ஜன்னல் இருக்கே. புகை உள்ள வராதா?” தம் குரல் தமக்கே புதிதாகக் கேட்டது.

“சாத்தி வெச்சுக்கங்க. குளிர்காலத்துல எவன் ஜன்னலைத் திறக்கறான்?”

“அந்த விஷப்புகைக்கு வாசனையே கிடையாதாமே.”

“எங்க படிச்சீங்க, பேப்பர்லயா?” கெவ் துளையிடும் இயந்திரத்தை எடுத்தார்.

டெஸ்மண்ட் கையை நீட்டினார். “தப்பா நினைக்காதீங்க. அந்தக் கார்டை ஒருதரம் குடுங்க.” வாங்கியவர் அதைத் திருப்பினார். ஒருவர் எந்தெந்த வேலைக்குத் தேறியவர் என்பது அட்டையின் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது: சமையல் அடுப்பு. பாய்லர் என்ற சொல்லே இல்லை.

“அடுப்பும் கேஸ்தான், பாய்லரும் கேஸ்தான்” என்றார் கெவ், தரையைப் பார்த்தபடி.

“எடுத்துட்டுப் போயிடுங்க.”

“டேய்!” ராண்டல் மேசையை ஓங்கி அறைந்தார். “அண்ணனைவிட உனக்கு அட்டை பெருசாப் போச்சா? க்ளப்புல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?”

“நீ குனிஞ்சே நட அண்ணே. என் பேத்தி உசுரோட இருக்கணும்.”

“இனி உன் வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளு!” கதவு சாத்தப்பட்ட வேகத்தில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. ராண்டல் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் என்பது டெஸ்மண்டுக்குத் தெரியும்.

நோரீன் கணவனைப் பாராட்டவில்லை. “அந்த ஆளுக்கு மூணு சர்க்கரை போட்டுக் குடுத்தியே, அதை நான் மறக்க மாட்டேன்” என்றார். பிறகு, தாம் அறவே வெறுக்கும் லீட்ஸ் நகரச் சம்பந்தியம்மாளிடம் தொலைபேசியில் பேசினார். பிரையனியும் குழந்தையும் திங்கள்வரை அங்கே தங்க இடம் கேட்டு, அவர் குத்தலாகச் சொன்ன நான்கு வார்த்தைகளையும் பல்லைக் கடித்து வாங்கிக்கொண்டார்.

டெஸ்மண்ட் ரஷீதாவைத் தொலைபேசியில் அழைத்துத் திங்களன்று வருவதை உறுதி செய்தார். வைக்கப் போனவர் தயங்கி, “அம்மா, தவறா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கே கேட்டிருக்கணும். வர்றப்ப உங்க கார்டை நான் ரெண்டு பக்கமும் பாக்கலாமா?” என்றார்.

“பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன்” என்றார் ரஷீதா. “ரெண்டு பக்கமும் காட்டுன்னு கேட்ட மூணாவது ஆள் நீங்க. எல்லாரும் எந்த பாய்லர் நல்லதுன்னுதான் என்னைக் கேக்கறாங்க. எவ்வளவு நல்ல பாய்லரும் தகுதியில்லாதவன் கையில எமன்தாங்க. உசுரு சம்பந்தப்பட்ட வேலைக்கு வர்றவங்ககிட்ட தகுதியைக் கேக்கறது அவங்களை அவமதிக்கிறது இல்ல. கேக்காம உள்ள விடறதுதான் அந்த வீட்டுல தூங்கறவங்களை அவமதிக்கிறது.”