முதல் நாற்றுமுடி

அன்று காலை கொல்லையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்கு மூத்தவர் வைரக்கண்ணு, அவர் மனைவி ராசம்மாள், சுகாதார நிலையத்து நர்ஸ் ஆமினா, மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்கின் மேல் சாய்ந்து கிடந்த தம்பி மனைவி அம்சவல்லி. இருந்திருக்க வேண்டிய இன்னொருவன், அவள் புருஷன் கண்ணுசாமி. தை அறுப்பின்போது மிராசுதாரோடு செங்கொடிச் சங்கம் நடத்திய குத்தகைத் தகராறு அடிதடியில் முடிந்ததிலிருந்து அவன் திருச்சி ஜெயிலில் கிடந்தான்.

ஆமினா அம்சவல்லியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே சோழிபோல் வெளுத்திருந்தது.

"இது மாசாமாசம் வர்ற தூரம் இல்லீங்க. வியாதி. கட்டிகட்டியாப் போவுதுங்குது. இன்னைக்கே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

வைரக்கண்ணு வைக்கோல் போரைப் பார்த்தபடி நின்றார். இந்தப் பேச்சையெல்லாம் ஆண்பிள்ளை காதில் போடுகிறார்களே என்று அவருக்குக் கூசியது. உதிரம் நின்று தலை முழுகும்வரை பெண்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அவர் தாயும் வந்ததில்லை. அம்சவல்லிக்கோ ஒரு வருடமாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை ஆவணியில் வெளியே வந்தவள் புரட்டாசி பிறந்தும் உள்ளே போகவில்லை.

"அத்திப்பட்டைக் கசாயம் குடுத்தாச்சு, எல்லாம் குடுத்தாச்சு நர்சம்மா" என்றாள் ராசம்மாள். "நாத்து முத்துது. நாளைக்கு நடவு. இவ தலை முழுவலன்னா மொத முடியை யாரு வைக்கிறது?"

பிள்ளை பெற்ற சுமங்கலியின் கைதான் முதல் நாற்றுமுடியைப் பிரித்து நட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ராசம்மாளுக்குப் பிள்ளை இல்லை. குத்தகை தங்கள் பேரில் பதிவாகி வரும் முதல் சம்பா. ஊரே வரப்பில் நின்று பார்க்கும்.

ஆனால் வைரக்கண்ணுவை அரித்தது நடவு அல்ல. புருஷன் ஜெயிலில் இருக்கிறான். பெண்டாட்டி உதிரப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் படுத்தால் மிராசுதார் தியாகராசன் வீட்டுக் களத்தில் அதை என்னவென்று பேசுவார்கள்? தம்பி ஒப்படைத்துவிட்டுப் போன மானம் அது.

"கண்ணுசாமி வரட்டும். அவனே கூட்டிட்டுப் போவட்டும்."

"அவரு வர்றப்ப கூட்டிட்டுப் போறதுக்கு ஆளு இருக்கணும்ல?" என்றாள் ஆமினா.

அப்போது அம்சவல்லி பேசினாள். குரல் சுண்டிப்போயிருந்தது.

"மாமா, போன வருசம் மொத முடி யாரு வெச்சா?"

"நீதான்."

"அன்னைக்கும் எனக்குப் போயிட்டுத்தான் இருந்துச்சு. நாத்து வீணாப் போவுமேன்னு, நின்னுடுச்சுன்னு பொய் சொல்லித் தலைக்கு ஊத்திக்கிட்டு வயல்ல எறங்குனேன். வெளைச்சல் கொறஞ்சுதா?"

அப்படி ஒரு விளைச்சலை அந்த வயல் அதற்குமுன் கண்டதில்லை. அதைப் பார்த்துத்தான் மிராசுதார் குத்தகையை ஏற்றிக் கேட்டார்.

"அடிப் பாவி! அதாண்டி உன் புருசன் ஜெயிலுக்குப் போனான்" என்று ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஜெயிலுக்கு அனுப்புனது தீட்டா, தியாகராசனா?"

கேட்டுவிட்டு அவள் கொட்டகைக் காலைப் பிடித்து எழுந்தாள். "பஸ்ஸு வர்ற நேரம். நடந்தே போயிக்கிறேன்." இரண்டடி வைப்பதற்குள் கால் மடங்கியது. ஆமினா தாங்கிக்கொண்டாள்.

ராசம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தன் கண்டாங்கிச் சேலை இருந்தது. தூரத்தில் இருப்பவளுக்கு எதையும் எட்ட நின்று வீசுவதுதான் வழக்கம். அவள் வீசவில்லை. கிட்டே போய்த் தானே அதை அம்சவல்லிக்குச் சுற்றிவிட்டாள்.

வைரக்கண்ணு வண்டியில் மாட்டைப் பூட்டினார். தஞ்சாவூர் பஸ் ஏற்ற ஒரத்தநாடு போகும்வரை அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளம் வந்த இடங்களில் மட்டும் கயிற்றை இழுத்து மெதுவாக விட்டார்.

மறுநாள் நடவு நடந்தது. முதல் முடியை ராசம்மாள் வைத்தாள். ஊர் பார்த்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு காலையில் வைரக்கண்ணு டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மிராசு வீட்டுக் காரியக்காரர் சாமிதுரை அவரைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்.

"புருசன் ஜெயில்ல. பொண்டாட்டி தஞ்சாவூருக்குப் போயிப் பிள்ளையக் கலைச்சுட்டு வந்திருக்கா. செவப்புக் கொடி புடிச்ச வீட்டுல எல்லாமே செவப்புத்தான் போல!"

யாரோ சிரித்தார்கள். வைரக்கண்ணு கிளாஸைக் கீழே வைத்தார். பெண்ணின் உடம்பைப் பற்றிக் கட்டிய மனைவியிடம்கூட அவர் பேசியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டு நிமிர்ந்து நின்றார்.

"பிள்ளையும் இல்ல, கலைக்கவும் இல்ல. கருப்பையில கட்டி. கட்டியோட கருப்பையையும் எடுத்துட்டாங்க. பொழச்சுக்கிட்டா."