ஒரு வருஷத்துப் பாடம்

பூசை முடிந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடத்தூரில் மதலேனம்மாள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நடுவில் விரித்த கோரைப்பாயில் கிராமபோன். அதை ஒட்டி, வேறு யார் கையும் அதில் பட்டுவிடாதபடி சம்மணம் போட்டு, அதன் சொந்தக்காரர் பச்சியப்பன். கேழ்வரகுக் குதிரில் சாய்ந்து, மடியில் இங்கிலீஷ் புத்தகத்தோடு, மதலேனம்மாளின் தம்பி அல்போன்ஸ். புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே, முறத்தோடு அடுத்த வீட்டுச் சென்னம்மாள். மாதா சுரூபத்துக்குக் கீழே, கிராமபோன் குழாய்க்கு நேர் எதிரே மதலேனம்மாள். குழாய் பேசப் போவது அவளிடம்தான் என்பதால் அந்த இடத்தை அவளுக்கு விட்டிருந்தார்கள்.

அவள் புருஷன் சவரிராயன், சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் போனவன். சண்டை முடிந்ததும் கூடப் போனவர்களெல்லாம் ஊர் திரும்பினார்கள். அவன் மட்டும் அங்கேயே ரயில் பட்டறையில் வேலை கிடைத்ததென்று தங்கிவிட்டான். வீடு அமையட்டும், அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதினான். வீடு அமைந்தது. பாஸ்போர்ட்டுக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடப் பழகு என்றான். அடுப்புக்கரியால் தரையெல்லாம் எழுதி எழுதிப் பழகினாள். அம்மை குத்திக்கொள் என்றான், குத்திக்கொண்டாள். போட்டோ கேட்டான், சேலத்துக்குப் போய் எடுத்து அனுப்பினாள். இப்போது கடைசியாக, "இங்கே கடைகண்ணிக்குப் போனால் அரபிதான் பேச வேண்டும். அதைப் பழகிக்கொள். பழகி முடித்ததும் அழைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

தர்மபுரி பள்ளிவாசலுக்குப் போய் அல்போன்ஸ் விசாரித்தான். அங்கிருந்த ஹஜ்ரத் நல்ல மனிதர். "ஓதச் சொல்லித் தரேன் தம்பி. கடையில வெங்காயம் வாங்கற அரபி எனக்கே தெரியாதே" என்று சிரித்தார். பெங்களூரில் ஒரு கடையில் இசைத்தட்டிலேயே பாஷை விற்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான். கடைக்காரருக்கு எழுதிப்போட்டதும், இருக்கிற இரண்டு செட்டிலிருந்தும் மாதிரிக்கு ஒவ்வொரு தட்டு அனுப்பியிருந்தார். கேட்டுப் பார்த்து, எந்த செட்டு வேண்டும் என்று எழுத வேண்டும். சின்ன செட்டு மூன்று மாதத்துப் பாடம். பெரிய செட்டு ஒரு வருஷத்துப் பாடம்.

பச்சியப்பன் முள்ளை மாற்றி, சாவி கொடுத்து, சின்ன செட்டின் தட்டை வைத்தார். ஓர் ஆண் குரல் தொண்டை அடியிலிருந்து கரகரவென்று பேசியது.

"பாட்டு எப்பங்க வரும்?" என்றாள் சென்னம்மாள்.

"இதுல பாட்டு வராது. இது பேச்சு."

"பேச்சு கேக்கவா இவ்ளோ பெரிய குழாய்? எங்க வூட்டுக்காரரு குழாயே இல்லாம பேசுவாரே!"

அல்போன்ஸ் புத்தகத்தில் விரல் வைத்து அர்த்தம் சொன்னான். "என் பெட்டியைத் தூக்கு. குதிரை வண்டி எங்கே? இது விலை அதிகம். சீக்கிரம் போ."

"இதெல்லாம் தொரைங்க பேசறதாச்சே" என்றாள் மதலேனம்மாள்.

பெரிய செட்டின் தட்டு சுழன்றது. இதில் ஒரு பெண் குரல். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னாள். ஹாதா பைத்தி. இது என் வீடு. ஹாதா ஸவ்ஜி. இவர் என் கணவர். மதலேனம்மாள் கூடவே சொன்னாள். தொண்டையிலிருந்து வர வேண்டியது வரவில்லை, இருமல்தான் வந்தது. மறுபடி சொன்னாள். பச்சியப்பன் அவளுக்காகத் தட்டைத் திரும்ப முதலிலிருந்து வைத்தார்.

அந்த நேரத்தில்தான் சவுரியப்பன் வந்தார். சவரிராயனின் சித்தப்பா. வெளுத்த சட்டை போட்டு, தலையில் எண்ணெய் மினுங்க, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் தேங்காய், வெற்றிலை, மடித்த புதுத்துண்டு. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"எங்கம்மா அவன்?"

யாருக்கும் புரியவில்லை.

"குழாய்ச் சத்தம் கேட்டுச்சு. பச்சியப்பன் பாட்டுப்பெட்டி சும்மா ஒரு வூட்டுல பாடுமா? கல்யாணமில்ல, சடங்கில்ல. சவரி வந்துட்டான்டான்னு ஓடியாந்தேன்."

சென்னம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பச்சியப்பன் இசைத்தட்டை நிறுத்தக் கை நீட்டி, என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டார். என் கணவர் வெளியே போயிருக்கிறார் என்று குழாயிலிருந்து பஸ்ராக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இல்லீங்க மாமா" என்றாள் மதலேனம்மாள். "பாடம் படிக்கறேன். அந்த ஊரு பேச்சு. படிச்சு முடிச்சதும் கூப்புட்டுக்கறாராம்."

சவுரியப்பன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். வரிசையென்று எடுத்துவந்த தட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கமில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவனும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதைக் கிராமபோன் முன்னால் வைத்தார். துண்டை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"எத்தினி நாளு பாடம்மா?"

மதலேனம்மாள் இரண்டு இசைத்தட்டுகளையும் பார்த்தாள். அல்போன்ஸ் வாய் திறப்பதற்குள் சொன்னாள்.

"ஒரு வருஷமுங்க."

"அப்பச் சரி" என்றார் அவர். நிம்மதியாகவே சொன்னார். "ஒரு வருஷந்தானே. அதுவரைக்கும் கேக்கறவங்களுக்கு, பாடம் நடக்குதுன்னு நானும் சொல்லிக்கலாம்."

எல்லோரும் போன பிறகு அல்போன்ஸ் காகிதத்தை எடுத்தான். எழுதவில்லை.

"அக்கா, சின்னதே போதும். மூணு மாசத்துல முடிஞ்சுரும். பெரிசுன்னா கறவை மாட்டத்தான் விக்கணும். பச்சியப்பண்ணனும் முகூர்த்த மாசத்துல பாட்டுப்பெட்டி தர மாட்டாரு. வருஷம் ஒண்ணரை ஆனாலும் ஆகும்."

"அதுக்குத்தான்டா."

"எதுக்கு?"

"மூணு மாசத்துல முடிஞ்சிட்டா, முடிஞ்சிடுச்சுன்னு அவருக்கு எழுதணுமில்ல?" அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "எழுதினா அவரு பதில் போடணும். கையெழுத்துப் பழகுனேன். ஊசி குத்துனேன். இனிமே கேக்கறதுக்கு அவருகிட்ட ஒண்ணுமில்லடா. அந்தப் பதிலு என்னான்னு உனக்குத் தெரியாதா?"

அல்போன்ஸுக்குத் தெரியும். திரும்பி வந்தவர்கள் மண்டிக்கு வந்தபோது, சவரி எங்கே என்றால், பஸ்ராவில் சவரி வீட்டில் அடுப்பெரிக்க ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தார்கள். அக்காவுக்குத் தெரியாதென்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"அப்ப அரபி எதுக்குக்கா? மாட்ட வித்து?"

"எல்லாரும் கேக்கறப்ப, படிச்சிட்டிருக்கேன்னு சொல்லலாம்ல. சும்மா உக்காந்திருக்கேன்னா சொல்றது?"

அல்போன்ஸ் பேனாவை மையில் தோய்த்தான். ஐயா, தாங்கள் அனுப்பிய மாதிரித் தட்டுகள் இரண்டும் சேதமின்றி வந்து சேர்ந்தன, சிறிய செட்டின் தட்டைத் திருப்பி அனுப்புகிறோம், பெரிய செட்டை முழுதும் அனுப்பி வைக்கவும் என்று ஒழுங்காக எழுதினான். கீழே கையெழுத்து அவள் போட்டாள், இங்கிலீஷில். ஒரு எழுத்தும் கோணவில்லை.

மறுநாள் காலை, கறந்த பாலைக் கடைக்கு ஊற்றிவிட்டு, கேழ்வரகுக் களியைத் தொட்டுக் கடித உறையை ஒட்டினாள். காய்கிறவரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு தபாலாபீஸுக்கு நடந்துபோய், சிவப்புப் பெட்டியின் வாயில் வைத்து, விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.